நாற்பது நிமிடம்

கொம்தார் மூன்றாம் மாடியில்
கண்ணாடி மேசைமேல் இரண்டையும் திறந்துவைத்தான் பூன் ஹெங்.
இது போன வருஷத்தது, இது இந்த வருஷத்தது.
நடுவே ஆயிரத்து நூறு வெள்ளி,
அப்புறம் ஒரு மாம்பழத்தின் எடை.

பழையதில் கேமரா கார்டு செருக ஒரு வாய் இருக்கிறது.
புதியதில் இரண்டே துளைகள், மூக்கு மாதிரி.
"அதெல்லாம் தனியா வாங்கிக்கலாம், போஸ்."
தனியாக வாங்கிக்கலாம் என்று யார் யாரோ சொன்னதையெல்லாம்
வீட்டில் ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன்,
எது எதற்கென்று மறந்துபோன வயர்கள்.

என் பிழைப்பு கல்யாணம்.
அடுத்தவர் கல்யாணம்.
பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம், நிபோங் திபால்:
மண்டபம் மாறும், நாதஸ்வரக்காரர் மாறமாட்டார்.
மணப்பெண்ணின் கொட்டாவியை வெட்டுவேன்.
மாமாவின் வேட்டி நழுவியதை வெட்டுவேன்.
அழுகையை மட்டும் ஒரு வினாடி கூடுதலாக விடுவேன்,
அதற்குத்தான் காசு.

இப்போது கையில் இருப்பதற்கு எட்டு வயது.
பேட்டரி உப்பி, அடிமூடி
ஆப்பம்போல் நடுவில் புடைத்திருக்கிறது.
தாலி கட்டும் இடம் வந்தால் திரை உறைகிறது.
மூன்றாம் முடிச்சு விழுவதற்குள்
மாப்பிள்ளைக்கு மனம் மாறிவிடுமோ என்று பயம்.

பென்டிரைவில் கொண்டுபோன கல்யாணத்தை
இரண்டிலும் ஓடவிட்டான் பூன் ஹெங்.
நான் கீழே போய் மீ கோரிங் தின்றுவிட்டு வந்தேன்.
பழையதில் ஐம்பத்தொரு நிமிடம்,
புதியதில் பதினொன்று.
கால்குலேட்டரில் கழித்து
நாற்பது என்ற எண்ணை என் பக்கம் திருப்பினான்,
விலை காட்டுவதைப்போல.

நாற்பது நிமிடத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

ராத்திரி பதினொன்றேகாலுக்கு
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை பஸ்
தவமலரை ஜெலுத்தோங் முனையில் இறக்கிவிடும்.
அவள் லிப்டில் ஏறியிருப்பாள் என்று கணக்குப் பார்த்துத்தான்
எக்ஸ்போர்ட் பொத்தானை அழுத்துவேன்.
பிறகு எனக்கு வேலை கிடையாது.
பதினான்காம் மாடி நடையில்
அவள் காலுறையைக் கழற்றிக் கம்பியில் போடுவாள்.
தே ஓ, இரண்டு பிஸ்கட்.
பாலத்து விளக்குகளில் எது அணைந்திருக்கிறது என்று தேடுவோம்.
ஒருநாள் ஒன்றுமே பேசவில்லை.
ஒருநாள் வீட்டுக் கடனைப் பற்றிச் சண்டை.
தொண்ணூற்றெட்டு சதவீதத்தில் நின்றுபோனது,
எக்ஸ்போர்ட்டும், சண்டையும்.

கடையிலிருந்தே போன் போட்டேன். அவளுக்கு ஓய்வு நேரம்.
இரண்டின் உள்ளேயும் இருக்கும் சில்லின் நம்பரைப் படித்தேன்.
"பழசு எங்க லைன்ல போனது" என்றாள்.
"அந்த வருஷம் ஞாயித்துக்கிழமையே கிடையாது.
அந்த ஓவர்டைம்லதான் உங்க கேமரா வாங்கினோம்."
"புதுசு?"
"புதுசுக்கு ஆள் வேணாம். இயந்திரக் கை எடுத்து வைக்குது.
நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு
அது தப்புப் பண்ணுதான்னு பார்க்கறேன்."
"பண்ணுமா?"
"பண்ணாது."
கொஞ்சம் பொறுத்து,
"புதுசையே எடுங்க" என்றாள்.
"ஏன்?"
மணி அடித்துவிட்டது. வைத்துவிட்டாள்.

அந்த ஏனுக்குப் பதில் இல்லாமலே
பன்னிரண்டு மாதத் தவணையில் கையெழுத்துப் போட்டேன்.
பழையதைப் பூன் ஹெங் மூடினான்,
மெதுவாக, தூங்குகிற பிள்ளையின் அறைக்கதவை மூடுவதுபோல.
அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.
அவனுக்கு விற்காத சரக்கு.

நேற்று ராத்திரி முதல் கல்யாணம்.
பதினொரு நிமிடம், சொன்ன சொல் தவறவில்லை.
பஸ் பாலத்தடியில் நெரிசலில் நின்றதாம்,
அவள் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.
மேசையில் அடுத்த கார்டு கிடந்தது,
நிபோங் திபால் நிச்சயதார்த்தம்.
மூடியைச் சாத்திவிட்டு வெளியே வந்து
கம்பியோரம் நின்றேன்.

"வேலை ஓடுதா?" என்றாள்
காலுறையைக் கழற்றியபடி.

"ஓடுது" என்றேன்.